டிக்கன்ஸ் குழந்தைகளுக்கு எழுதிய இங்கிலாந்து வரலாறு: பதினோரு வயதுப் பிள்ளைக்குப் படித்துக் காட்டலாமா?

நூலக ஜன்னல்

எல்லாருக்கும் வணக்கம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மகளுக்கு அரை மணி நேரம் ஏதாவது வாசித்துக் காட்டுவது எங்கள் வீட்டில் பழக்கம். அவளுக்குப் பதினோரு வயது. இரண்டு மாதமாக சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ சைல்ட்ஸ் ஹிஸ்டரி ஆஃப் இங்கிலாந்து’ ஓடிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாசிப்பேன், அதைத் தமிழில் சொல்வேன், பிறகு அடுத்த பத்தி.

முதல் வரியிலேயே அவளைப் பிடித்துவிட்டார் மனுஷன். உலக வரைபடத்தை எடுத்துப் பார், கிழக்கு அரைக்கோளத்தின் இடது மேல் மூலையில் கடலில் இரண்டு தீவுகள் கிடக்கும் என்று ஆரம்பிக்கிறார். இவள் எழுந்து போய் அட்லஸை எடுத்து வந்துவிட்டாள்.

வெள்ளைக் கப்பல் வந்த அன்று அழுதாள். 1120 நவம்பர், முதலாம் ஹென்றியின் மகனை ஏற்றிக்கொண்டு பிரான்ஸில் உள்ள நார்மண்டியிலிருந்து புறப்படுகிற கப்பல். மாலுமிகளுக்கு இளவரசன் மது கொடுக்கிறான். ராத்திரி பாறையில் மோதுகிறது. இளவரசனைச் சிறு படகில் ஏற்றித் தள்ளிவிடுகிறார்கள். அவன் தப்பியிருப்பான். ஆனால் மூழ்குகிற கப்பலிலிருந்து சகோதரி கூப்பிடும் குரல் கேட்கிறது. படகைத் திருப்பு என்கிறான். திருப்புகிறார்கள், எல்லாரும் ஒரே சமயத்தில் படகில் குதிக்க, படகும் போய்விடுகிறது. 300 பேரில் மிஞ்சியது ரூவான் ஊரைச் சேர்ந்த ஏழைக் கசாப்புக்காரர் ஒருத்தர். ராஜாவிடம் போய்ச் சொல்ல மூன்று நாள் யாருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் ஒரு சின்னப் பையனை அனுப்புகிறார்கள். அவன் ராஜாவின் காலடியில் விழுந்து அழுதுகொண்டே சொல்கிறான். அதன் பிறகு ராஜா சிரித்து யாரும் பார்த்ததில்லையாம்.

இதுவரை சரி. போன வாரம் எட்டாம் ஹென்றி வந்தார். அந்த அத்தியாயத்தின் முடிவில் டிக்கன்ஸ் அவரைச் சகிக்கவே முடியாத போக்கிரி என்கிறார், மனித குலத்துக்கே இழிவு என்கிறார், இங்கிலாந்து வரலாற்றின் மேல் ரத்தமும் கொழுப்புமாக விழுந்த கறை என்கிறார். என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, “அம்மா, வரலாறு எழுதுறவங்க இப்படித் திட்டலாமா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அவளுடைய பாடப்புத்தகத்தில் யாரையும் யாரும் திட்டுவதில்லை. எல்லா அரசர்களும் சாலை அமைத்து, குளம் வெட்டி, ஆண்டு முடிக்கிறார்கள்.

இதைப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து படித்துக் காட்டலாமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழம்பைண்டு

நல்ல இழை அம்மா. நான் பழைய பத்திரிகைத் தொகுப்புகள் சேர்க்கிறவன், அதனால் அது வெளிவந்த விதத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் மகளின் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

இது புத்தகமாக எழுதப்பட்டதே இல்லை. ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ என்று டிக்கன்ஸ் நடத்திய வார இதழ், 1850 மார்ச் 30-இல் ஆரம்பித்தது. 24 பக்கம், பக்கத்தில் நெடுக்காக இரண்டு பத்தி, பொடி எழுத்து, படம் ஒன்றுகூடக் கிடையாது, விலை இரண்டு பென்னி. கட்டுரை எழுதியவர்கள் பெயர் எங்கும் இருக்காது. பக்கத்துக்குப் பக்கம் மேலே ‘சார்லஸ் டிக்கன்ஸ் நடத்துவது’ என்று மட்டும் இருக்கும். அதில் 1851 ஜனவரி 25-ஆம் தேதி இதழில் இந்தத் தொடர் தொடங்கி 1853 டிசம்பர் 10-இல் முடிந்தது. வாராவாரம் வரவில்லை. சில வாரம் வரும், சில வாரம் விட்டுப்போகும்.

அந்த மூன்று வருஷத்தில் அவர் வீட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1851 மார்ச் கடைசியில் அப்பா இறக்கிறார். இரண்டு வாரத்தில் டோரா என்ற கைக்குழந்தை போய்விடுகிறது. 1852 மார்ச்சிலிருந்து ‘பிளீக் ஹவுஸ்’ நாவல் மாதாமாதம் தனியாக வருகிறது. அதற்கு மேல் வார இதழின் ஆசிரியர் வேலை. இத்தனைக்கும் நடுவில் இந்த வரலாற்றின் பெரும்பகுதியை அவர் கையால் எழுதவில்லை. மைத்துனி ஜார்ஜினா ஹோகார்த் உட்கார்ந்து எழுத, இவர் சொல்லிக்கொண்டே போனார்.

சொல்லி எழுதியது என்பதுதான் முக்கியம். நீங்கள் சத்தமாக வாசிக்கும்போது அவ்வளவு சுலபமாக வாயில் வருகிறதே, அது இதனால்தான். முதலில் பேச்சாக இருந்து பிறகு எழுத்தானது. “இதோ பார்”, “நமக்குள்ளே இருக்கட்டும்” என்று குழந்தையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசுகிறார். கோபம் வந்தால் கோபம் அப்படியே தாளில் இறங்கிவிடுகிறது. நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறவர் அந்த ரத்தக் கொழுப்பு வாக்கியத்தை ஒரு தடவையாவது அடித்துப் பார்த்திருப்பார்.

இன்னொன்று. அது பிள்ளைகள் பத்திரிகை இல்லை. அதே இதழில் பக்கத்திலேயே சாக்கடை, தபால் நிலையம், அனாதை விடுதி பற்றியெல்லாம் கட்டுரை இருக்கும். வீட்டுக்கு ஒரு இதழ் வாங்கி ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். அப்பா அம்மா காதிலும் விழும் என்று தெரிந்தேதான் குழந்தைக்குச் சொல்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதழ்களைத் தொகுத்து பைண்டு போட்டும் விற்றார்கள். என் அப்பா வார இதழ்த் தொடர்களைக் கிழித்து, மைதாப் பசை காய்ச்சி, கோணி ஊசியால் தைத்து அலமாரியில் வைப்பார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்ததால் இதெல்லாம் எனக்கு ரொம்பச் சொந்தமாகத் தெரிகிறது.

கரும்பலகை

முப்பத்தோரு வருடம் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை வைக்க விரும்புகிறேன்.

டிக்கன்ஸ் ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்து ஆராய்ந்தவர் அல்ல. தாமஸ் கைட்லி எழுதிய இங்கிலாந்து வரலாற்றைப் பெருமளவு பின்பற்றினார். அதில் இருந்த சம்பவங்களை எடுத்துத் தம் குரலில் சொன்னார். பிழைகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் காட்டுகிறேன். கடைசி அத்தியாயத்தில், அயர்லாந்து தனியாக இருந்து சரிப்பட்டு வராததால் பிரிட்டனோடு இணைக்கப்பட்டது, நாள் 1798 ஜூலை 2 என்கிறார். இணைப்புச் சட்டங்கள் நிறைவேறியது 1800-இல். நடைமுறைக்கு வந்தது 1801 ஜனவரி 1.

தேதி தவறியது சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது. 1798 என்பது அயர்லாந்தில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்து, ஆயிரக்கணக்கில் மக்கள் மாண்ட ஆண்டு. அதே ஆண்டைக் குறிப்பிட்டுவிட்டு, கிளர்ச்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், ‘தனியாக இருந்து சரிப்படவில்லை’ என்று கடந்துபோகிறார். அதுவும் எப்போது? உருளைக்கிழங்குப் பஞ்சம் அயர்லாந்தைச் சூறையாடி முடிந்த கையோடு.

கத்தோலிக்கத் துறவிகள் விஷயத்திலும் அப்படித்தான். டன்ஸ்டன் என்ற பாதிரியாரைப் படித்திருப்பீர்கள், ஏறக்குறைய வில்லன். 1850 செப்டம்பரில் போப்பாண்டவர் இங்கிலாந்தில் மறுபடி கத்தோலிக்க ஆயர்களை நியமித்தார். நாடே கொதித்தது. அதைத் தடுக்க 1851-இல் பாராளுமன்றம் ஒரு சட்டமே போட்டது. அந்தச் சூட்டில்தான் இந்தத் தொடர் ஆரம்பிக்கிறது. பத்தாம் நூற்றாண்டுத் துறவியைத் திட்டும்போது அவர் கண்ணுக்கு முன்னால் நிற்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சண்டை.

ஆகவே படித்துக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதை வரலாறு என்று சொல்லிப் படித்துக் காட்டாதீர்கள்.

மருதாணி

கரும்பலகை சார், நீங்க சொன்னதில் முக்கால்வாசி ஒத்துக்கிறேன். கடைசி வரியை மட்டும் ஒத்துக்க முடியல. அதுக்கு முன்னாடி இன்னொருத்தரைப் பத்திச் சொல்லணும். இந்த இழையில் அவங்க பேர் வராமப் போனா எனக்கு மனசு ஆறாது.

டிக்கன்ஸ் தொடர் ஆரம்பிச்ச அதே 1851 ஜனவரியில் ‘மந்த்லி பாக்கெட்’னு ஒரு மாத இதழ் ஆரம்பிச்சது. ஆசிரியர் ஷார்லட் யங். அப்ப அவங்களுக்கு வயசு 27. ஹாம்ப்ஷயரில் ஆட்டர்போர்ன்ங்கிற கிராமத்திலேயே பிறந்து, வளர்ந்து, 1901-இல் அங்கேயே இறந்தவங்க. அந்தப் பத்திரிகை இளம்பெண்களுக்கானது. 15 வயசிலேருந்து 25 வரைக்கும்னு முதல் இதழிலேயே சொல்றாங்க. அதில் ‘கேமியோஸ் ஃப்ரம் இங்லிஷ் ஹிஸ்டரி’ன்னு இங்கிலாந்து வரலாற்றைத் தொடரா எழுத ஆரம்பிச்சாங்க. டிக்கன்ஸ் மூணு வருஷத்தில் முடிச்சுட்டார். இவங்க முடிக்கவே இல்ல. பத்து வருஷம், இருபது வருஷம், முப்பது வருஷம்னு போய்க்கிட்டே இருந்தது. 1868-இல் முதல் தொகுதி புத்தகமா வந்தது, நார்மண்டியோட முதல் தலைவர் ரோலோவிலிருந்து இங்கிலாந்து அரசர் இரண்டாம் எட்வர்ட் வரை. அப்புறம் தொகுதி தொகுதியா வந்தது. அம்மா படிச்ச தொடரை மகளும் படிச்ச வீடுகள் நிச்சயம் இருந்திருக்கும்.

கேமியோன்னா சிப்பியிலோ கல்லிலோ ஒரு முகத்தைப் புடைப்பாச் செதுக்குவாங்களே, அது. பின்னணி இருட்டா இருக்கும், முகம் மட்டும் வெளிச்சமா மேலே எழும்பி வரும். அவங்க முன்னுரையிலும் அதைத்தான் சொல்றாங்க: ஆரம்ப வரலாற்றுப் புத்தகங்களைத் தாண்டி வந்த பிள்ளைகளுக்கு, மனுஷங்களும் காட்சிகளும் கொஞ்சம் புடைப்பாத் தெரியற மாதிரி எழுதறேன்னு. ஒரு மாசத்துக்கு ஒரு முகம். தொடர் வடிவத்துக்கு இதைவிடப் பொருத்தமா ஒரு திட்டம் இருக்க முடியுமான்னு தோணும்.

இப்ப சுவாரசியமான இடத்துக்கு வரேன். 1843-லேயே டிக்கன்ஸ் தன் நண்பர் டக்ளஸ் ஜெரால்டுக்கு ஒரு கடிதம் எழுதறார். என் பையனுக்காக ஒரு சின்ன இங்கிலாந்து வரலாறு எழுதிக்கிட்டிருக்கேன், அவன் பழமைவாதக் கருத்தையோ ஹை சர்ச் கருத்தையோ பிடிச்சுக்கிட்டா நான் என்ன பண்றதுன்னே தெரியாதுன்னு. ஹை சர்ச்ன்னா இங்கிலாந்து திருச்சபைக்குள்ளேயே பழைய சடங்கு, குருமார் மரபு, அரசபக்தி எல்லாத்தையும் உயர்வா வச்சவங்க. ஷார்லட் யங் முழுக்க முழுக்க அந்தப் பக்கம். பக்கத்து ஊர் ஹர்ஸ்லியில் இருந்த ஜான் கீபிள் பாதிரியார்தான் அவங்களுக்கு வழிகாட்டி. டிக்கன்ஸ் எந்தக் கருத்து தன் பிள்ளை காதில் விழக்கூடாதுன்னு பயந்தாரோ, அதே கருத்தோட இன்னொரு வரலாற்றுத் தொடர் அதே மாசத்தில் வேற வீடுகளுக்குள்ள நுழைஞ்சது.

அதனால “சாய்வு இல்லாத வரலாறு”ன்னு ஒண்ணு அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைச்சிருக்கும்னு நினைக்க வேண்டாம் சார். ரெண்டு பேருமே சாய்ந்துதான் எழுதினாங்க. டிக்கன்ஸ் சாய்றது கண்ணுக்குத் தெரியுது. அது எனக்கு நேர்மையாப் படுது. திட்டுறவர் ஒளிஞ்சுக்கிட்டுத் திட்டல.

நூலக ஜன்னல்

மருதாணி, அந்தக் கடைசி இரண்டு வரியை என் மகளிடம் அப்படியே சொன்னேன். “அப்ப டெக்ஸ்ட் புக்ல ஒளிஞ்சிருக்கிறது யாரு?” என்றாள். நல்லவேளை தூங்கும் நேரம்.

ஒரு சந்தேகம். 1843-இல் ஆறு வயதாக இருந்த அந்தப் பையன் தொடர் வந்தபோது படித்தானா?

மருதாணி

சார்லி 1837 ஜனவரியில் பிறந்தவன் அக்கா. தொடர் ஆரம்பிக்கும்போது பதினாலு வயசு ஆகிடுச்சு, பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கிற ஈட்டன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அங்கே சுத்தி இருந்த பிள்ளைகளெல்லாம் டிக்கன்ஸ் பயந்த குடும்பங்களிலிருந்து வந்தவங்கதான். புத்தகமா மூணு சின்னத் தொகுதிகள் வந்தபோது சமர்ப்பணம் தன்னோட பிள்ளைகள் எல்லாருக்கும்னு மாறிடுச்சு. போகப்போக இதே விஷயத்தில் இன்னும் பெரிய, இன்னும் நல்ல புத்தகங்களை ஆர்வத்தோடு படிக்க இது உதவட்டும்னு எழுதறார். ‘இன்னும் நல்ல புத்தகங்கள்’ன்னு அவரே சொல்றாரே, கரும்பலகை சார் கவலைக்கு அதில் கொஞ்சம் ஆறுதல் இருக்கு.

கடற்காற்று

இழையை முழுக்கப் படித்தேன். யாரும் தொடாத ஒன்றைத் தொடுகிறேன், கொஞ்சம் கனமாக இருக்கும்.

கதை 1689-இல் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் உள்ள ஒன்றரை நூற்றாண்டையும் கடைசி அத்தியாயத்தில், ஒன்றிரண்டு பக்கத்தில் மூட்டை கட்டிவிடுகிறார். வரி போட்டுப் போட்டு வட அமெரிக்காவை இழந்த கதை இருக்கிறது. கரும்பலகை ஐயா சொன்ன அயர்லாந்து இருக்கிறது. விக்டோரியா மகாராணியின் கல்யாணத் தேதிகூட இருக்கிறது. இந்தியா என்ற சொல் இல்லை. கம்பெனி இல்லை. அந்த அத்தியாயம் அச்சானது 1853 டிசம்பரில். அதே 1853-இல்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனத்தைப் பாராளுமன்றம் மறுபடி நீட்டித்துக் கொடுத்தது. லண்டனில் அது செய்தித்தாளில் அடிபட்ட விஷயம். அந்த வீட்டுப் பிள்ளை குடித்த தேநீரிலும் போட்ட சட்டையிலும் இருந்த விஷயம். வரலாற்றில் மட்டும் இல்லை.

இல்லை என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. ஆல்ஃபிரட் ராஜா அத்தியாயத்தின் முடிவைத் திரும்பப் படியுங்கள். ரொட்டியைத் தீயவிட்டு, மாடு மேய்ப்பவரின் மனைவியிடம் திட்டு வாங்கிய அதே ஆல்ஃபிரட். அவரைப் புகழ்ந்துகொண்டே வந்தவர், ஆங்கிலேயரின் முன்னோரான சாக்ஸன் இனத்தின் விடாமுயற்சியைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். அந்த இனம் எங்கே போனாலும் அங்கே சட்டமும் உழைப்பும், உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பும் உண்டாவது நிச்சயம் என்கிறார். குழந்தையின் கன்னத்தைத் தட்டிச் சொல்வதுபோல் எவ்வளவு அன்பாகச் சொல்கிறார்! நாம் இருப்பது அந்த வாக்கியத்தில்தான். ‘எங்கே போனாலும்’ என்பதற்குள் சென்னையும் இருக்கிறது, கல்கத்தாவும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் சிலர் பெரியவர்களாகி இங்கே கலெக்டராக வந்திருப்பார்கள்.

எட்டாம் ஹென்றியைத் திட்டியது எனக்கு உறுத்தவில்லை. செத்துப்போன ராஜாவைத் திட்டுவது சுலபம். இந்த வாக்கியம்தான் உறுத்துகிறது. நூலக ஜன்னல், உங்கள் மகளிடம் இந்த இடத்தை எப்படிப் படித்தீர்கள்?

நூலக ஜன்னல்

உண்மையைச் சொல்கிறேன். தாண்டிப் போய்விட்டேன். ரொட்டிக் கதையில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், அந்தச் சந்தோஷத்திலேயே பக்கத்தைப் புரட்டிவிட்டேன். இப்போது எடுத்துப் பார்க்கிறேன், அப்படியேதான் இருக்கிறது.

கரும்பலகை

கடற்காற்று, அருமையான கவனிப்பு. என் பிழைப் பட்டியலில் இது வந்திருக்க வேண்டும், வரவில்லை. தேதிப் பிழையைத் தேடுகிறவன் கண்ணுக்கு இந்த மாதிரி வாக்கியம் தப்பிவிடுகிறது.

ஆனாலும் நியாயத்துக்காக அவர் பக்கமும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

1381 விவசாயிகள் கிளர்ச்சி. தலைவரி கேட்டு வந்தவன், பின்னால் கிளர்ச்சிக்குத் தலைவரான வாட் டைலரின் மகளிடம் தகாத முறையில் நடக்க, டைலர் சுத்தியலால் அடித்துக் கொல்கிறார் என்று கதை. பிறகு லண்டன் நோக்கிக் கூட்டம் போகிறது, ராஜா முன்னிலையிலேயே டைலர் வெட்டப்படுகிறார். அந்தக் காலப் பள்ளிப் புத்தகத்துக்கு அவர் கலகக்காரர், அவ்வளவுதான். டிக்கன்ஸ் என்ன சொல்கிறார்? டைலர் பாடுபட்டு உழைத்த மனிதர், நிறையத் துன்பப்பட்டவர், கொடுமை இழைக்கப்பட்டவர். அவர் தோற்றதைக் கொண்டாடிய, இன்றும் கொண்டாடுகிற ஒட்டுண்ணிகள் எவரையும்விட அவர் உயர்ந்த குணமும் துணிச்சலும் உள்ளவராக இருந்திருக்கலாம். ‘இன்றும் கொண்டாடுகிற’ என்பதைக் கவனியுங்கள். வாக்குரிமை கேட்டு லட்சக்கணக்கில் கையெழுத்து வாங்கிய சார்ட்டிஸ்ட் இயக்கத்தின் கடைசிப் பெரிய மனு 1848-இல்தான் நிராகரிக்கப்பட்டது. மூன்று நான்கு வருடத்தில், நடுத்தர வர்க்க வீட்டுக் கூடத்தில், குழந்தைகள் காதில் இதைச் சொல்கிறார்.

இரண்டாவது, முதலாம் சார்லஸ். 1649 ஜனவரி 30-இல் தலை வெட்டப்பட்ட அரசர். அந்த நாளில் இங்கிலாந்துக் கோவில்களில் அவரைத் தியாகி என்று போற்றிச் சிறப்பு வழிபாடு நடக்கும். பொது வழிபாட்டு நூலிலேயே அதற்குப் பகுதி உண்டு. அதை நீக்கியது 1859-இல். அதாவது டிக்கன்ஸ் இதைச் சொன்ன வருடத்திலும் அந்த வழிபாடு நூலில் இருந்தது. தாம் மக்களுக்காகத் தியாகியாவதாகச் சார்லஸ் கொலைமேடையில் சொன்னதை எடுத்துக்கொள்கிறார். அவருக்காக எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன், அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மக்கள்தான் அவருக்கும் அவருடைய அரசுரிமை எண்ணத்துக்கும் தியாகிகளாக இருந்தார்கள் என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் ஒன்று சொல்கிறார், இரண்டு பென்னி இதழ் வேறொன்று சொல்கிறது. ஒரே குழந்தை இரண்டையும் கேட்கிறது. நான் வகுப்பறையில் எத்தனை வருடம் இதற்காகப் பாடுபட்டிருக்கிறேன்! பாடத்திட்டத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டு, “இன்னொருத்தர் இப்படியும் சொல்கிறார்” என்று ஒரு வரி சேர்த்தால்தான் பின்வரிசைப் பையன் தலையை நிமிர்த்துவான்.

பழம்பைண்டு

கடற்காற்று தம்பி சென்னையையும் சேர்த்துச் சொன்னதால் ஒரு கிளைச் செய்தி. இது தொடராக வந்தது இல்லை, ஆனாலும் இந்த அலமாரிப் புத்தகம்தான்.

டிக்கன்ஸுக்கு முன்பு ஆங்கில வீடுகளில் குழந்தைகளுக்கென்று அதிகம் புழங்கிய வரலாறு ‘லிட்டில் ஆர்தர்ஸ் ஹிஸ்டரி ஆஃப் இங்கிலாந்து’. 1835-இல் ஜான் மரே பதிப்பித்தது. எழுதியவர் லேடி கால்காட். நோயாளியாக வீட்டோடு முடங்கியிருந்த காலத்தில் எழுதினார். அவருக்கு முந்தைய கல்யாணத்தில் மரியா கிரஹாம் என்று பெயர். அந்தப் பெயரில் 1812-இல் இந்தியப் பயணக் குறிப்புகளை வெளியிட்டார். பம்பாய், இலங்கை, சென்னை, கல்கத்தா எல்லாம் சுற்றியவர். மாமல்லபுரம் வந்து பார்த்து, அதைப் பற்றி விரிவாக எழுதி, படமும் போட்டவர்!

இருபது முப்பது வருடம் கழித்து அதே கை ஆங்கிலக் குழந்தைகளுக்கு இங்கிலாந்து வரலாறு எழுதுகிறது. நான் கடற்கரைக் கோவில் பக்கம் போகும்போதெல்லாம் அந்த அம்மாவை நினைத்துக்கொள்வேன்.

தொடர்களில் இன்னொன்றும் குறிப்பிட வேண்டும். 1856 முதல் காஸல் கம்பெனி படங்களோடு இங்கிலாந்து வரலாற்றை வாரம் ஒரு பென்னிக்கு விற்றது. அது குழந்தைகளுக்கென்று தனியாக எழுதியதல்ல, தொழிலாளி வீட்டில் எல்லாருக்குமாக. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் மரச்செதுக்குப் படம் இருந்தால் வீட்டில் அதை முதலில் பிடுங்குவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

மருதாணி

பழம்பைண்டு ஐயா, மாமல்லபுரம் விஷயம் எனக்குப் புதுசு. நன்றி.

கடற்காற்று சொன்னது ரெண்டு நாளா மனசில் ஓடிக்கிட்டே இருக்கு. அதை மறுக்கல. ஆனா அக்கா முதல் பதிவில் சொன்ன வெள்ளைக் கப்பலுக்கே திரும்பிப் போறேன். அந்த இளவரசனைப் பத்தி, கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியே டிக்கன்ஸ் ஒண்ணு சொல்லியிருக்கார். பதினெட்டு வயசு, ஊதாரி, கெட்ட நடத்தை. நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடிச்ச வம்சம், அதனால ஆங்கிலேயர் மேல பிரியமே இல்ல. நான் பட்டத்துக்கு வந்தா இவங்களை எருது மாதிரி ஏரில் பூட்டுவேன்னு சொன்னவன். அதாவது கேக்கற பிள்ளையோட முன்னோர்களைத்தான் பூட்டுவேன்னான். அவனைப் படகில் ஏத்தியாச்சு, தப்பிச்சாச்சு. கூடப்பிறந்தவ குரல் கேட்டதும் அவனே படகைத் திருப்பச் சொல்றான். செத்துப்போறான்.

ஏரில் பூட்டுவேன்னவனுக்காக அக்காவோட மகள் அழுதிருக்கா. டிக்கன்ஸ் அவனை மன்னிக்கவும் இல்ல, அவன் கெட்டவன்ங்கறதைத் திரும்ப எடுத்துக்கவும் இல்ல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டுப் போயிட்டார். கறுப்பு வெள்ளையா எழுதறார்னு அவரைச் சொல்றவங்க இந்த இடத்தைப் படிச்சுப் பாக்கணும்.

இன்னொண்ணு. இந்தத் தொடர் முடிஞ்சு நாலு மாசத்தில், 1854 ஏப்ரல் 1-ஆம் தேதி, அதே பத்திரிகையில் ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவல் ஆரம்பிக்குது. முதல் காட்சியே ஒரு வகுப்பறை. பிள்ளைகளுக்குத் தகவலைத் தவிர வேற எதுவும் சொல்லிக்கொடுக்காதேன்னு ஒருத்தர் அதட்டறார். மூணு வருஷம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லி முடிச்ச கையோட வந்த கோபம்னு எனக்குத் தோணும்.

தமிழில் சொல்லும்போது எனக்குத் திண்டாட்டமா இருந்தது முதலாம் ஜேம்ஸ் அத்தியாயம்தான். ராஜாவை ‘ஹிஸ் சோஷிப்’னே கூப்பிட்டுக்கிட்டிருக்கார். சோன்னா பெண் பன்றி. அவரோட செல்லப்பிள்ளை பக்கிங்ஹாமே அப்படித்தான் கூப்பிடுவானாம். அக்கா, நீங்க என்ன சொன்னீங்க?

நூலக ஜன்னல்

‘மாட்சிமை பொருந்திய பன்றியார்’ என்று சொன்னேன். அந்த அத்தியாயம் முழுக்க அவளே ஒவ்வொரு தடவையும் எனக்கு முந்திச் சொல்லிவிட்டாள்.

எல்லாருக்கும் பதில் எழுதக் கொஞ்சம் நாளாகிவிட்டது. நடுவில் படிக்கும் முறையை மாற்றினேன். பழம்பைண்டு ஐயா சொன்னதைப் படித்ததும், முழுப் புத்தகத்தையும் மேசையில் வைத்து ஓட்டுவதை விட்டுவிட்டு, அத்தியாயம் அத்தியாயமாக அச்செடுத்து சனிக்கிழமைக்கு ஒன்று என்று கொடுக்கிறேன். அந்த இதழும் சனிக்கிழமைத் தேதியிட்டுத்தான் வந்தது என்று பார்த்தேன். அவள் ஓரத்தில் துளை போட்டு நூலால் கட்டிக்கொண்டே வருகிறாள். ஒரு வாரம் இடைவெளி இருப்பதில் ஒரு நன்மை தெரிகிறது. நடுவில் நாலைந்து நாள் அந்த மனிதர்களைப் பற்றிப் பள்ளிக்கூட வேனில் யோசித்துவிட்டு வந்து கேள்வி கேட்கிறாள். தினமும் படித்தபோது அடுத்த ராஜா வந்து முந்தின ராஜாவைத் துடைத்துவிடுவார்.

கடற்காற்று, ஆல்ஃபிரட் அத்தியாயத்தைத் தனியாக அச்செடுத்து மறுபடி உட்கார்ந்தேன். அந்த வாக்கியத்தை இந்தத் தடவை தாண்டவில்லை. நீங்கள் எழுதியதை நான் சொல்லவில்லை, வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்திலும் தமிழிலும் மெதுவாக வாசித்தேன். ‘எங்கே போனாலும்’ என்ற இடத்தில் கையைப் பிடித்து நிறுத்தினாள். “இங்கயும் வந்தாங்கல்ல?” என்றாள். ஆமாம் என்றேன். “அப்ப இது இவருக்குத் தெரியாதா?” என்றாள். தெரிந்திருக்கும் என்றேன். பென்சில் எடுத்து அந்த வரியின் கீழே கோடு போட்டு, ஓரத்தில் ‘யாருக்குப் பாதுகாப்பு?’ என்று எழுதினாள். கரும்பலகை சாரின் 1801 ஜனவரி 1-ஐ ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கி வைத்திருக்கிறாள், கடைசி அத்தியாயம் வரும்போது ஒட்டுவதற்கு.

வரும் சனிக்கிழமை முதலாம் சார்லஸ். ஷார்லட் யங் அந்த அரசரைப் பற்றி எழுதியதும் வேண்டும் என்று கேட்கிறாள். மருதாணி, கேமியோஸில் அது எந்தத் தொகுதி என்று சொன்னால் இரண்டையும் சேர்த்தே அச்செடுத்து வைத்துவிடுவேன்.